வெப்பக் கருவி கொண்டு முடி நேராக்கல்

வெப்பக் கருவி கொண்டு முடி நேராக்கல் என்பது சூடேற்றப்பட்ட இரு தட்டுகளுக்கு இடையே சுருட்டை முடியை வைத்து இழுத்து, அதனைத் தற்காலிகமாக நேராக்கும் அழகுக்கலை முறை ஆகும். பேச்சு வழக்கில் இது அயர்னிங் அல்லது ஸ்ட்ரெய்ட்னிங் எனப்படுகிறது. வேதிப்பொருள் கொண்டு செய்யப்படும் ரீபாண்டிங் இதிலிருந்து வேறானது. எனினும் அதிலும் ஒரு கட்டத்தில் இதே கருவி பயன்படுவதால் இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு.

செயற்படும் விதம்

முடி பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் சங்கிலிகளை ஐதரசன் பிணைப்புகளும் இருசல்பைடு பிணைப்புகளும் இணைத்து வைத்துள்ளன. ஐதரசன் பிணைப்புகள் வலுக்குறைந்தவை. நீரும் வெப்பமும் அவற்றை எளிதில் விடுவிக்கும். நேராக இழுத்த நிலையில் முடி குளிரும்போது அவை புதிய இடங்களில் மீண்டும் உருவாகின்றன. இருசல்பைடு பிணைப்புகளை இம்முறை மாற்றியமைப்பதில்லை. ஆகவே ஈரம் பட்டவுடன் முடி பழைய சுருளுக்குத் திரும்புகிறது. ரீபாண்டிங்கில் தயோகிளைக்கோலேட்டு போன்ற பொருட்கள் இருசல்பைடு பிணைப்புகளையே உடைப்பதால், புதிய முடி வளரும் வரை நேர்த்தன்மை நீடிக்கிறது.

வரலாறு

பிரான்சைச் சேர்ந்த மார்செல் கிராட்டோ 1872இல் சூடான இடுக்கியால் முடியில் அலை உண்டாக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். தீயில் காய்ச்சப்பட்ட அக்காலக் கருவிகளில் வெப்ப அளவைக் காட்டும் அமைப்பு இல்லை. வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்து, தாள் கருகினால் ஆறவிடுவர். ஐக்கிய அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூட்டுச் சீப்பைப் பரப்பியவர்களுள் மேடம் சி. ஜே. வாக்கர் குறிப்பிடத்தக்கவர். அவரே அதைக் கண்டுபிடித்தார் எனப் பரவலாக எழுதப்படுவது தவறு.

பயிற்சி

இந்தியாவில் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ், தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான ஓராண்டுத் தொழிற்பிரிவுகளுள் அழகுக்கலையும் ஒன்றாகும். 10ஆம் வகுப்புத் தேர்ச்சி பெற்றோர் இதில் சேரலாம். முடி ஒப்பனை இதன் ஒரு பகுதி.

பயிலுநர் முதலில் பொம்மைத் தலையில் பழகுவது வழக்கம். அதில் மனித முடி பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும். செயற்கை இழை உருகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். முடியைக் கழுவி, முற்றிலும் உலர்த்தி, வெப்பத் தடுப்புத் திரவம் பூசிய பின், பிடரியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொள்வர். சீப்பு முன்னே செல்ல, கருவி அதைத் தொடர்ந்து, எங்கும் நில்லாமல் வேரிலிருந்து நுனி வரை நகர வேண்டும். தலைத்தோலிலிருந்து ஓரிரு செ.மீ. விட்டே தொடங்குவர். காது மடல், நெற்றி, பிடரி ஆகியவை எளிதில் சுடுபடும் இடங்கள்.

தமிழ்நாட்டுப் பயிலுநருக்கு எண்ணெய் ஒரு தனிப் பாடம். நாள்தோறும் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கமுள்ள தலையை ஒருமுறை அலசினால் போதாமல் போகலாம். எஞ்சிய எண்ணெய் தட்டின் சூட்டில் புகையும்.

வெப்ப அளவு

கற்பித்தலில் மிகக் கடினமான பகுதி இதுவே. கருவிகள் பல 230 பாகை செல்சியசு வரை சூடாகும். உலர்ந்த கெரட்டினின் சுருள் அமைப்பு சிதைவதும் ஏறத்தாழ அதே அளவில்தான். ஈரமான முடியில் 150 பாகைக்கு அண்மையிலேயே சிதைவு தொடங்கிவிடும். மேலும், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடித்தண்டில் குமிழிகளை உண்டாக்கும். அவ்விடத்தில் முடி முறியும். மெல்லிய முடிக்கு 150 பாகை அளவிலும், அடர்ந்த சுருளுக்கு 180 முதல் 200 வரையிலும் வைப்பது பொதுவான வழக்கு. சிதைந்த முடியைச் சீராக்க எந்தப் பூச்சாலும் இயலாது. வெட்டி நீக்கவே வேண்டும். ஆனால் அதிக வெப்பத்தில் வேலை விரைவில் முடிவதால், பயிலுநர் கை தானாகவே மேல் அளவை நாடுகிறது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் கடற்கரை ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், காற்றின் ஈரப்பதமே நேராக்கிய முடியைச் சில மணி நேரத்தில் சுருளச் செய்யக்கூடும். சித்திரையில் வியர்வை அதையே செய்கிறது. கூத்தாண்டவர் திருவிழாவையொட்டி விழுப்புரத்தில் நடைபெறும் மிஸ் கூவாகம் அழகிப் போட்டி வருவதும் இந்த வெயில் காலத்தில்தான். எனவே இப்பகுதிகளில், சுருள் திரும்பியதும் வெப்பத்தைக் கூட்டி மீண்டும் இழுப்பது பயனற்றது. ஈரப்பதம் குறையாத வரை அது மறுபடியும் சுருளும். நேர்த்தன்மை எத்தனை நேரம் நிற்கும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்னரே கூறுவதும் பயிற்சியில் சேர வேண்டியதே.

எச்சரிக்கை

கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் விற்கப்படும் சில கரைசல்கள், சூடான தட்டு பட்டதும் பார்மால்டிகைடு வளிமத்தை வெளிவிடுகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது. வாடிக்கையாளரைவிட, நாள் முழுதும் மூடிய குளிர்சாதன அறையில் நிற்கும் பணியாளரே இதனை மிகுதியாகச் சுவாசிக்கிறார்.