படத்தைப் பார்த்துக் கப்பல் ஏறியவர்கள்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார், ஏஜென்சி மூலமாக வெளிநாட்டு மாப்பிள்ளை தேடுகிற பெண்ணுக்குக் காசு மேலேதான் கண் என்று. ஐயா, கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டுவோம்.

1907, 1908இல் அமெரிக்காவும் ஜப்பானும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. ஜப்பானியக் கூலியாட்கள் இனிமேல் வரக்கூடாது; ஏற்கெனவே இருக்கிறவர் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். ஹவாய்த் தீவில் கரும்புத் தோட்டத்திலே கிடக்கிற பிரம்மச்சாரிக்கு ஊருக்குப் போய்ப் பெண் பார்த்துவரக் காசு ஏது? போட்டோ எடுத்து அனுப்பினார். தரகர் அதைப் பெண் வீட்டில் காட்டினார். பெண்ணின் படம் அங்கே போயிற்று. பிடித்துவிட்டால் மாப்பிள்ளையின் குடும்பப் பதிவேட்டில் பெண் பேரை எழுதிவிடுவார்கள். அவ்வளவுதான், மாப்பிள்ளை இல்லாமலேயே கல்யாணம் முடிந்தது! (சிரிப்பு)

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கியவள் சிரிக்கவில்லை. கையிலே இருக்கிற படத்தில் வாட்டசாட்டமான வாலிபன், கோட்டு சூட்டு. எதிரே நிற்பவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். படம் பழசு, கோட்டு இரவல். (என் கல்யாணப் படத்தைப் பார்த்து 'யார் சார் இது?' என்று என் மாணவர்களே கேட்பதுண்டு. அது வேறு கதை.) சிலர் சிநேகிதன் படத்தையே அனுப்பியிருந்தார்கள். திரும்பிப் போகக் கப்பல் கூலி யார் தருவது? பெரும்பாலான பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டத்தில் கரும்புச் சோகை உரிக்கப் போனார்கள், ஆணைவிடக் குறைந்த கூலிக்கு. சிலர் ஓடியே போனார்கள். 1924இல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் அந்தக் கதவைச் சாத்தியது.

தரகர் மட்டும் போகவில்லை. தபாலில் வந்தார், பிறகு இன்டர்நெட்டில் வந்தார். பிலிப்பைன்ஸ் நாடு 1990இல், தன் பெண்களைத் தபால் வழியாக அயல்நாட்டாருக்கு மணம் பேசும் தொழிலுக்கே தடை போட்டது, மீறினால் சிறை. 2016இல் இன்டர்நெட்டையும் சேர்த்துப் புதுச் சட்டம் செய்தது. பெண்ணுக்குக் காவல் என்றார்கள். அவள் ஏன் ஊரை விட்டுப் போக நினைத்தாள் என்பதற்கு அதிலே மருந்து இல்லை.

அமெரிக்கா வேறு வழி பிடித்தது. 2006 ஜனவரியில் ஜனாதிபதி கையெழுத்திட்ட சட்டம் அது. ஏஜென்சி முதலில் மாப்பிள்ளையின் பூர்வோத்தரத்தை விசாரிக்க வேண்டும். அடிதடி வழக்கு உண்டா, பெண்டாட்டியை நெருங்காதே என்று கோர்ட் உத்தரவு உண்டா, எல்லாவற்றையும் அவள் பாஷையில் அவளுக்குத் தர வேண்டும். படித்துப் பார்த்து அவள் கையெழுத்துப் போட்டால்தான் அவள் முகவரி அவன் கைக்குப் போகும்.

நண்பரே, அந்தச் சட்டம் அவள் காசுக்கு ஆசைப்பட்டாளா என்று கேட்கவில்லை. மாப்பிள்ளையைத்தான் கேட்டது!