பதினெட்டு வளைவும் ஒரு ஸ்டியரிங் பொக்ஸும்

நெல் மூட்டை ஏற்றிய லொறியை மஹியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவில் ஏற்றி இறக்கிய சாரதிகள் எங்கட ஊர்களில் நிறையப் பேர். மூத்தவர்களிடம் பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், வாயைத் திறக்க முன்னம் தோள்மூட்டைத்தான் தடவுவார்கள்.

அந்தத் தோள்வலிக்கு மருந்து தேடியவரும் லொறிக்காரர்தான். அமெரிக்காவின் பியர்ஸ் ஆரோ கம்பனியில் லொறிப் பிரிவு எஞ்சினியராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ், வேலையை விட்டுவிட்டு, 1926இல் ஒயில் அமுக்கத்தில் இயங்கும் ஸ்டியரிங்கைக் காரொன்றில் பூட்டி ஓட்டிக் காட்டினார். வளையத்தைத் திருப்பாதபோது ஒயில் சும்மா சுற்றிவரும். திருப்பினால் மட்டும் அமுக்கம் கூடிக் கைகொடுக்கும். இவ்வளவுதான் சூட்சுமம். ஆனாலும் செலவு அதிகமென்று கார்க் கம்பனிகள் தயங்கின. இரண்டாம் உலகப் போரில் கவச வாகனங்களுக்குப் போய், 1951இல்தான் கிறைஸ்லர் காரில் விற்பனைக்கு வந்தது. சென்னையில் அசோக் லேலண்ட் 1969இல் தன் கனரக வாகனங்களில் அதைக் கொண்டுவந்தது. 1982இல் லங்கா அசோக் லேலண்ட் தொடங்கியபின் அந்தப் பெயர் நம் வீதிகளிலும் சாதாரணமாயிற்று.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. புது லொறி வர வழியில்லை. இருந்ததைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டினோம். 2025இல் கதவு திறந்தாலும் விலையைக் கேட்டால் பழைய லொறியே போதும் என்றாகிறது. அதனால் தேய்ந்த ஸ்டியரிங் பொக்ஸ் இன்றைக்கும் நம் கராஜ்களின் அன்றாட வேலை.

இங்கேதான் எங்களுக்குப் பயம். ஸ்டியரிங் ஆடுகிறது என்றதும் பொக்ஸின் மேலுள்ள ஸ்குரூவை இறுக்கிவிடுகிறார்கள். லொறி ஓடுவது பெரும்பாலும் நேர்ப் பாதையில். ஆகவே பல்லின் நடுப்பகுதிதான் அதிகம் தேய்கிறது. நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால், தேயாத ஓரப் பற்கள் வளைவில் பிடித்துக்கொள்ளும். வளையம் தானாக நேருக்குத் திரும்பாது. வளைவுப் பாதையில் அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் வளையத்தை மெல்ல அசைக்க இன்னொருவர் கீழே பார்க்க வேண்டும். (டயருக்குக் கட்டை வைக்க மறக்காதீர்கள்.) வளையம் அசைந்தும் பொக்ஸிலிருந்து வரும் ஆம் அசையாவிட்டால் கோளாறு பொக்ஸில். ஆம் அசைந்தும் சில்லு அசையாவிட்டால் போல் ஜொயின்ட், கிங் பின். பொக்ஸை சேசியில் பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் இதே ஆட்டம்தான்; அதைப் பார்க்காமலே பொக்ஸைக் கழற்றிய கதைகளும் உண்டு.

ஒயில் ஒழுகுவது வேறு கதை. சீல் உரசி உரசி ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் சில நாள்தான். அந்தப் பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கடைவது வேண்டவே வேண்டாம். அது பதப்படுத்திய இரும்பு. வெல்டிங் சூட்டில் பதம் கெட்டு வெடிப்பு விழலாம், உடைந்தால் சில்லுக்கும் கைக்கும் தொடர்பே இல்லை. ஷாஃப்ட்டை மாற்றுங்கள். கையோடு பழைய ஒயிலையும் முழுதாக வடித்து, டாங்கியின் பில்டரை மாற்றுங்கள். பம்ப் தேய்ந்த இரும்புத்தூள் அதில்தான் கிடக்கும், விட்டால் புதுச் சீலையும் தின்னும்.

சிறுபோக நெல் ஏறத் தொடங்க முன்னம் இந்தச் சோதனையை ஒரு தடவை செய்துவிடுங்கள், காக்காமாரே.