மார்பகப் புற்றுநோய்: மெடிக்கல் கார்டு எதுவரை கை கொடுக்கும்?

மார்பகத்தில் இருப்பது புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னதும், பல குடும்பங்கள் மெடிக்கல் கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு தனியார் மருத்துவமனைக்கு ஓடுகின்றன. அறுவை சிகிச்சைக்கு உத்தரவாதக் கடிதம் பெரும்பாலும் கிடைத்துவிடும். சிக்கல் சில மாதங்கள் கழித்துத்தான் வரும். கார்டின் வரம்பு தீர்ந்து, சிகிச்சை பாதியில் நிற்கும்.

இந்த நோய்க்கு ஆப்பரேஷனோடு வேலை முடிவதில்லை. கீமோதெராபி சில மாதங்கள் எடுக்கும்; பலருக்கு அதன்பின் கதிரியக்கச் சிகிச்சையும் உண்டு. திசு பரிசோதனையில் ஹெர்-2 பாசிட்டிவ் என்று வந்தால், டிராஸ்டுசுமாப் என்ற விலை உயர்ந்த மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஓராண்டுக்குச் செலுத்துவார்கள். ஹார்மோன் சார்ந்த கட்டி என்றால் குறைந்தது 5 ஆண்டுகள் மாத்திரை. ஆகவே, தொடங்கும் முன்பே முழுச் சிகிச்சைக்கும் என்ன செலவாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார்டின் ஆண்டு வரம்பு, வாழ்நாள் வரம்பு, வார்டில் தங்காமல் பெறும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான வரம்பு ஆகியவற்றை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டு போகும் மாத்திரைக்குப் பணம் தருவார்களா என்பதையும் காப்புறுதி நிறுவனத்திடமே கேளுங்கள். ஏஜெண்ட் வாய்வார்த்தையாகச் சொல்வது பின்னால் நிற்காது.

காத்திருப்புக் காலத்தையும் கவனிக்க வேண்டும். மெடிக்கல் கார்டுகளில் கட்டி, புற்றுநோய்க்கு வழக்கமாக 120 நாள். கொடிய நோய்க் காப்புறுதியில் புற்றுநோய்க்கு 60 நாள். 36 நோய்களுக்கான காப்புறுதியில், பால் குழாயைத் தாண்டிப் பரவாத ஆரம்ப நிலைப் புற்று பொதுவாகச் சேராது. அதனால் பணம் மறுக்கப்பட்டிருந்தால், ஆப்பரேஷனுக்குப் பின் வரும் முழுத் திசு அறிக்கையைப் பாருங்கள். அதில் பரவியிருப்பது தெரிந்தால் மீண்டும் விண்ணப்பிக்க வழியுண்டு. நிறுவனத்தின் இறுதி முடிவு நியாயமாகப் படவில்லையா? 6 மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை.

2024 செப்டம்பர் முதல் செலவில் ஒரு பங்கை நோயாளியே கட்டும் வகைக் கார்டுகளும் விற்கப்படுகின்றன. பேங்க் நெகாரா விதிப்படி, புற்றுநோய்க்கான தொடர் வெளிநோயாளிச் சிகிச்சைக்கும், அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சைக்கும் அந்தப் பங்கைக் கேட்கக்கூடாது.

எவ்வளவு நெருக்கடி வந்தாலும் மாதப் பிரிமியத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். காப்புறுதி காலாவதியாகிவிட்டால், புற்றுநோய் வந்தவருக்கு இன்னொரு கார்டு கிடைப்பது மிகக் கடினம். கொடிய நோய் வந்தால் பிரிமியத்தைத் தள்ளுபடி செய்யும் இணைப்பு உங்கள் காப்புறுதியில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

அரசாங்க மருத்துவமனையை 'கடைசி வழி' என்று நினைப்பது நம்மிடையே உள்ள பழக்கம். அது சரியல்ல என்பேன். குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி, நிபுணர் கிளினிக் 5 வெள்ளி. காத்திருப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. அதனால்தான் கார்டு தீர்ந்தபின் ஓடாமல், தீரும் முன்பே மாறிவிட வேண்டும். மாறும்போது திசு அறிக்கை, ஹெர்-2 முடிவு, ஸ்கேன் படங்கள், இதுவரை ஏற்றிய கீமோ மருந்தின் அளவு, டாக்டரின் பரிந்துரைக் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். மருந்துச் செலவு கட்டுப்படியாகாவிட்டால், மருத்துவமனையிலுள்ள சமூகநலப் பிரிவைப் பாருங்கள். பெக்கா பி40 திட்டத்தில் தகுதி பெறுவோருக்குச் சிகிச்சையை முடிக்க 1,000 வெள்ளி வரையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் உதவி உண்டு. தோட்டத்திலிருந்து வாடகைக் கார் பிடித்து வருபவர்களுக்கு அது சிறு தொகையல்ல.

வேலை செய்பவர்களுக்கு, 1955 வேலைச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 60 நாள் சம்பளத்தோடு மருத்துவமனை விடுப்பு உண்டு, சாதாரண எம்.சி. அதில் சேராது. இபிஎஃப் நலவாழ்வுக் கணக்கிலிருந்து சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். மனைவி, தாய்க்காகவும் எடுக்கலாம். சொக்சோ இயலாமை ஓய்வூதியம் எல்லாருக்கும் கிடைக்காது. 60 வயதுக்கு முன்பே இயலாமை ஏற்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதம் சந்தா கட்டியிருந்தால் முழு ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாத, தீராத நிலை என்று மருத்துவ வாரியமும் ஏற்க வேண்டும். குணமாகித் திரும்புவோருக்குச் சொக்சோவின் மறுவேலைத் திட்டம் இருக்கிறது.

வீடு திரும்பியபின் பலர் கவனிக்காமல் விடுவது கை. அக்குள் நிணநீர்க் கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்கலாம், சில ஆண்டுகள் கழித்தும்கூட. பிசியோ சொல்லிக் கொடுத்த தோள் பயிற்சியை விடாதீர்கள். இரத்த அழுத்தம் பார்ப்பதையும் ஊசி போடுவதையும் முடிந்தவரை மறு கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பால் வெட்டுபவர்களும் செம்பனை உதிரி பொறுக்குபவர்களும் கையுறை இல்லாமல் இறங்க வேண்டாம். முள் குத்திய சிறு காயமே போதும். கை சிவந்து சூடேறிக் காய்ச்சலும் வந்தால், அடுத்த அப்பாயின்ட்மெண்ட் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.