இலவசக் கல்வியும் ஆசிரியரும்

1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஆங்கிலக் கல்வி, கட்டணம் செலுத்த வல்லோரின் உடைமையாயிருந்தது. ஏழையின் பிள்ளைக்குச் சுயபாஷைப் பாடசாலையே எஞ்சியது. கல்வி மந்திரி கன்னங்கரா தலைமையிலான குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையே அந்நிலையை மாற்ற வழிகோலிற்று. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசின் பொறுப்பிற் கொணர்ந்தன.

ஆயினும், தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1970களிலேதான். தேயிலையால் நாட்டை வாழவைத்தோரின் குழந்தைகள் கால் நூற்றாண்டுக்கு மேல் புறத்தே நிறுத்தப்பட்டதை நாம் மறத்தலாகாது.

சட்டம் மட்டும் கற்பிக்காது, கற்பிப்பவர் ஆசிரியர். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தேசிய உற்பத்தியில் ஆறு சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரிப் பணிநிறுத்தஞ் செய்தனர். 2021இல் பாடசாலை ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டை நீக்குமாறு மாதக்கணக்கிற் போராடினர். இவற்றைச் சுயநலக் கூச்சலென்போருக்கு நாம் கூறுவது ஒன்றே: வேதனம் போதாத ஆசிரியர் தொழிலை விட்டகல்வார், வெற்று வகுப்பறையிலிருந்து பிள்ளை ரியூட்டரிக்குச் செல்லும், அங்கே ஏழை மீண்டும் கட்டணஞ் செலுத்துவான்.

ஆகவே, போதிய நிதியும், நியாயமான வேதனமும், பின்தங்கிய பாடசாலைகளுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியரும் வேண்டுமென்கிறோம். 1945இல் தொடங்கிய பணியின் மீதி இதுவே.