காற்றுக்குக் காத்திருந்த கப்பல்கள்

பாய்க்கப்பலில் கடல் தாண்டுவதற்கு நல்ல காற்றைக் கணித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றில்லாத நாட்களின் சாப்பாட்டுக்கு முதலில் வழி செய்ய வேண்டும் என்பேன் நான். 1066-ஆம் வருஷத்துக் கதையைக் கேளுங்கள்.

நார்மண்டிப் பிரபு வில்லியம், இங்கிலாந்தைப் பிடிக்க நூற்றுக்கணக்கான கப்பல்களைத் திரட்டிக்கொண்டு கரையில் காத்துக் கிடந்தான். சதுரப் பாய் கட்டிய கப்பல்கள் அவை. தென்காற்று அடித்தாலொழிய வடக்கே போக வழியில்லை. வாரக்கணக்காக அது வரவில்லை. சில வீரர்கள் ஓடிப் போனார்கள். வில்லியமோ சுற்றுப்புறத்தைக் கொள்ளையடிக்க விடாமல், தன் பொருளைச் செலவிட்டே படைக்கு உணவளித்தான்.

அக்கரையில் இங்கிலாந்து அரசன் ஹெரால்டு கோடை முழுவதும் காவலிருந்தான். செப்டம்பர் 8-ந் தேதி அவனிடம் உணவு தீர்ந்தது; படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினான். பிறகு நார்வே மன்னன் வடக்கே வந்து இறங்கவே, அங்கே விரைந்து 25-ந் தேதி அவனை வென்றான்.

27-ந் தேதி தென்காற்று எழுந்தது. அன்றிரவே வில்லியம் பாய் விரித்தான். அவன் கப்பலின் பாய்மரத்தில் எரிந்த விளக்கே மற்றவற்றுக்கு வழிகாட்டி. மறுநாள் பெவென்ஸியில் இறங்கியபோது தடுக்கப் படை எதுவும் இல்லை. அக்டோபர் 14-ந் தேதி ஹெரால்டு போர்க்களத்தில் மாண்டான்.

காற்றைக் கொடுத்தது அதிர்ஷ்டந்தான். ஆனால் அது வந்த நாளில் புறப்பட ஒரு படை கலையாமல் இருந்ததே, அது களஞ்சியம் செய்த வேலை.