பாய் பாதி, பலகை பாதி

வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் பாடிய புறநானூற்று 66-ஆம் பாட்டை இங்கு வரும் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வென்ற மன்னனின் முகத்துக்கு நேரே, தோற்று வடக்கிருந்தவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று கேட்ட அந்தத் துணிவுக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். அந்த விரைவில் பாட்டின் தொடக்க அடிகளைக் கடந்துபோய்விடுகிறோம். கரிகாலனின் முன்னோன் ஒருவன் பெருங்கடலில் நாவாய் ஓட்டிக் காற்றின் தொழிலை ஆண்டவன் என்று அங்கே புகழப்படுகிறான். பழைய உரைகாரர் இதற்கு ஒரு கதையே சொல்கிறார்: காற்றில்லாமல் நாவாய் ஓடாது நின்றபோது, அவன் காற்றுக் கடவுளை அழைத்து ஏவல் கொண்டானாம்.

காற்று இல்லாமல் நின்ற கலத்தைப் பற்றிய கதை இது. காற்று எதிரே நின்ற கலத்தைப் பற்றி உரைகாரர் பேசவில்லை, புலவரும் பேசவில்லை. இந்த அடிகளைக் காட்டிச் சங்ககாலத் தமிழர் எதிர்க்காற்றிலும் பாய்விரித்து ஏகினர் என்று எழுதுவோர் உண்டு. ஏகியிருக்கலாம், ஆனால் அதற்கு இந்தப் பாட்டு சான்றாகாது. பாட்டு தராத ஒன்றைப் பாட்டின் தலையில் ஏற்றுவது புலவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது நம் கருத்து. எனினும் கேள்வி நல்ல கேள்வி. காற்று வீசும் திசையை நோக்கியே, அந்தக் காற்றைக் கொண்டே, ஒரு கலம் எப்படி முன்னேறுகிறது?

பின்காற்றில் செல்வதில் புதிர் ஏதும் இல்லை. பாய் மறிக்கிறது, காற்று தள்ளுகிறது. பழைய எகிப்தியருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நைல் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. அங்கே காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. தெற்கே போகப் பாயை விரித்தால் போதும். வடக்கே திரும்பப் பாயைச் சுருட்டிவிட்டால் ஆறே கொண்டுசேர்க்கும். அவர்களுடைய சித்திர எழுத்தில் தெற்கே செல்லுதலைக் குறிக்கப் பாய் விரித்த படகையும், வடக்கே செல்லுதலைக் குறிக்கப் பாயில்லாப் படகையும் வரைந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூலும், எகிப்திலிருந்து நம் நாட்டுக்கு வரும் கலங்கள் ஜூலை மாத வாக்கில் புறப்பட வேண்டும் என்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றை முதுகில் வாங்கி வந்து, காற்று திசை மாறும்வரை காத்திருந்து, வடகிழக்குக் காற்றில் திரும்பினர். காற்றை ஆளுதல் என்பதற்குக் காலம் அறிந்து காத்திருத்தல் என்பதும் ஒரு பொருள்தான்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். 1727-இல் பாரிஸ் அறிவியல் கழகம் ஒரு பரிசுப் போட்டி நடத்தியது. கப்பலில் பாய்மரத்தைக் கூம்பு என்று நம் முன்னோர் சொன்னார்கள் அல்லவா, அந்தக் கூம்புகளை எங்கே, எத்தனை, எவ்வளவு உயரத்தில் நடுவது சிறந்தது என்பது கேள்வி. பரிசு பெற்றவர் பியேர் பூகேர்; பிரான்சின் கடற்கரை ஊரான லெ குரோசிக்கில், கடல்நூல் கற்பித்த ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். பாராட்டு மட்டும் பெற்றவர் லியோனார்டு ஆய்லர். அப்போது வயது இருபது; கடலே இல்லாத சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தார். தம் கட்டுரையின் முடிவில் அவர் தயக்கமின்றி எழுதிய கருத்து இது: எந்திரவியலின் உறுதியான கோட்பாடுகளிலிருந்து பெறப்பட்ட முடிவுகளைச் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. பின்னாளில் உலகின் தலைசிறந்த கணித மேதைகளில் ஒருவராகி, 1749-இல் கப்பலியல் குறித்து இரு தொகுதி நூல் எழுதியவர் அவர். ஆகவே இதைக் குறும்புக்காக மட்டுமே சொல்கிறோம்.

ஆனால் கோட்பாடு அவர் நினைத்த அளவு உறுதியாக இல்லை. நியூட்டன் 1687-இல் எழுதிய பெருநூலின் வழியில், காற்றையும் நீரையும் தனித்தனித் துகள்களின் மழையாகக் கொண்டு கணக்கிட்டனர். அக்கணக்கின்படி, சாய்ந்து நிற்கும் பலகையின் மேல் விழும் விசை, சாய்கோணத்தின் சைன் மதிப்பின் இருமடிக்கு ஏற்ப அமையும். பத்துப் பாகைச் சாய்வில் அது நேர் மோதலின் விசையில் நூற்றுக்கு மூன்று பங்குதான். இது உண்மையானால் எதிர்க்காற்றில் நகர்வது கலங்களுக்கு மிகக் கடினமாக இருந்திருக்கும். துறைமுகத்துக்கு வெளியே கலங்கள் நாள்தோறும் நகர்ந்துகொண்டிருந்தன! 1770-களில் தலாம்பேர், கொந்தோர்சே, பொசூ ஆகியோர் நீரில் சோதனை செய்து, சிறு கோணங்களில் அந்த விதி பொருந்தாது என்று கண்டனர்.

தவறு எங்கே? காற்று துகள்மழை அன்று. தொடர்ந்து ஒழுகும் பொருள். பாயை ஓரளவு சாய்த்துப் பிடித்தால் காற்று மோதிச் சிதறுவதில்லை. அதன் வளைவைத் தழுவி இருபுறமும் ஓடித் திசை திரும்புகிறது. பாய் காற்றைத் திருப்புகிறது; காற்று பாயை எதிர்ப்புறம் தள்ளுகிறது. பாயின் புடைத்த பக்கத்தில் காற்று விரைந்து ஓட அழுத்தம் குறைகிறது; குழிந்த பக்கத்தில் அழுத்தம் மிகுகிறது. இந்த விசையைக் கணக்கிடும் வழி குட்டா, சுகோவ்ஸ்கி ஆகிய இருவரால் 1902-க்கும் 1906-க்கும் இடையில்தான் துலங்கியது. அதுவும் பறக்கும் எந்திரத்தின் இறக்கைக்காக.

இங்கே ஒரு இடைச்செருகல். மேற்பக்கம் நீளம் அதிகம், ஆகவே அங்கே செல்லும் காற்று கீழ்க்காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச்சேர விரைகிறது என்ற விளக்கம் பல பாடநூல்களில் உண்டு. பாய் என்பது துணி. அதன் இரு பக்கமும் ஒரே நீளம். அந்த விளக்கத்தை மறுக்கப் பாய்மரப் படகு ஒன்றே போதும்.

சரி, விசை பிறந்துவிட்டது. அது எந்தத் திசையில் இழுக்கிறது? பெரும்பகுதி பக்கவாட்டில், சிறுபகுதியே முன்னோக்கி. வெறும் மிதவையாக இருந்தால் கலம் பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படும். அதைத் தடுப்பது நீருக்கடியில் இருக்கிறது: ஏரா எனப்படும் அடிமரமோ, நீரில் இறக்கிய பலகையோ. அதுவும் ஒரு பாய்தான், நீரில் விரித்த பாய். கலம் சற்றே பக்கம் நழுவும்போது அந்தப் பலகை நீரைத் திருப்பி எதிர்விசை பெறுகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. ஆதலால் பெரும்பாய்க்குச் சிறுபலகை ஈடு கொடுக்கிறது. பக்கவிசைகள் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, எஞ்சுவது முன்விசை. நனைந்த புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் அது முன்னே துள்ளி ஓடுவதைச் சிறுவயதில் யார்தான் பார்த்ததில்லை?

நேர் எதிரே மட்டும் எந்தக் கலமும் செல்லாது. இக்காலப் பந்தயப் படகு காற்றிலிருந்து 45 பாகை விலகிச் சென்று, பின் மறுபுறம் திரும்பி, வளைந்து வளைந்து முன்னேறும். 10 மைல் எதிரே போக 14 மைல் ஓட வேண்டும். பழைய சதுரப்பாய்க் கப்பல்கள் 67 பாகை அளவுக்கே நெருங்க முடிந்தது. அவற்றுக்கு அதே 10 மைல், 26 மைல்.

இப்போது பூகேரிடம் திரும்புவோம். 1735-இல் புவியின் வடிவத்தை அளக்க இன்றைய எக்குவதோர் நாட்டுக்குச் சென்ற குழுவில் அவரும் ஒருவர். அங்கிருந்தபடியே கப்பலியல் நூலையும் எழுதினார். அது 1746-இல் வெளிவந்தது. அதே குழுவில் இருந்த ஸ்பானியக் கடற்படையினர் ஹோர்கே ஹுவானும் அந்தோனியோ தெ உல்லோவாவும் 1748-இல் வெளியிட்ட பயணநூலில் வேறொன்றைப் பதிவு செய்தனர். அந்நாட்டுப் பழங்குடியினர் பால்சா மரங்களைப் பிணைத்த தெப்பங்களில் பாய் விரித்து எதிர்க்காற்றிலும் சென்றனர். மரங்களின் இடுக்கில் அவர்கள் செருகிய நீண்ட பலகைகளுக்குக் குவாரா என்று பெயர். முன்பலகையை இறக்கினால் முன்பகுதி நீரில் ஊன்றிக்கொள்ளும், பின்பகுதியைக் காற்று ஒதுக்கும். தெப்பம் காற்றை நோக்கித் திரும்பும். பின்பலகையை இறக்கினால் அதற்கு மாறாக. சுக்கான் தேவையில்லை. இம்முறை ஐரோப்பியருக்கு முன்பே தெரிந்திருந்தால் கப்பல் உடைந்தோர் பலர் பிழைத்திருப்பர் என்று உல்லோவா வருந்தினார்.

எழுதியும் என்ன பயன்? 1947-இல் தோர் ஹெயர்டால் ஐவருடன் கோன்-டிக்கி தெப்பத்தில் பெருவிலிருந்து புறப்பட்டபோது, பலகைகளைச் செருகியிருந்தும் அவற்றை ஏற்றி இறக்கிச் செலுத்தும் நுட்பம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. காற்றும் நீரோட்டமும் கொண்டுசென்ற வழியே 101 நாள் மிதந்து ரரோயா பவளத்தீவில் மோதி நின்றனர். 1953-இல் எக்குவதோர்க் கடற்கரையில் மீண்டும் ஒரு தெப்பம் கட்டிக் குவாராக்களை இயக்கிப் பார்த்த பிறகே, எதிர்க்காற்றில் சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்ப முடியும் என்று கண்டார். நூல் வெளிவந்து 205 ஆண்டு கழித்து!

மரங்களைப் பிணைத்த தெப்பம், பாய், நீரில் இறக்கும் பலகை. இதைப் படிக்கும் சோழமண்டலக் கரையார் எவருக்கும் கட்டுமரம் நினைவுக்கு வராமல் இராது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்கள் குறித்து 1920-இல் வெளியிட்ட ஆய்வில் நம் கரையின் கட்டுமரங்களை விரிவாக ஆராய்ந்தார். முக்கோணப் பாய் விரித்த கட்டுமரத்தில் பலகையை நீரில் இறக்கிப் பக்க நழுவலைத் தடுப்பது நம் மீனவர் கையாண்ட முறை. பெருவிலிருந்து வந்ததா, இங்கிருந்து போனதா என்று ஆராயப் புகுவோருக்கு நம் வாழ்த்துகள். ஆழமற்ற மிதவையும் எதிர்க்காற்றும் சேர்ந்தால், கை தேர்ந்த எவரும் பலகையைத்தான் தேடியிருப்பர் என்று நமக்குப் படுகிறது.

புறநானூற்று 30-ஆம் பாட்டில், மீப்பாய் களையாமல் ஆற்றுமுகத்தில் நுழையும் பெருங்கலம் வருகிறது. கூம்பும் பாயும் புலவர் கண்ணுக்குத் தெரிந்தன. நீருக்கடியில் இருப்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. அதை அறிந்தவர் கட்டுமரத்தில் இருந்தவரே. கொண்டலுக்குப் பலகையை எவ்வளவு இறக்குவது, கச்சானுக்கு எவ்வளவு, வாடை முற்றினால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர் கையில் இருந்த கணக்கு. 1980-களிலிருந்து எந்திரம் பொருத்திய படகுகள் பெருகின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தில் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதியாக வந்துசேர்ந்தன. பாய்விரித்துக் கட்டுமரம் ஓட்டிய கைகள் இன்று முதியவர்களின் கைகள். தமிழ்த்துறை மாணவர்கள் ஆண்டுதோறும் நாட்டுப்புறப் பாடல் தொகுக்கக் கடற்கரை ஊர்களுக்குச் செல்கிறார்கள். அம்பாப் பாட்டைக் கேட்டு எழுதும் அதே குறிப்பேட்டில், அந்தப் பலகைக்கு அவ்வூரில் என்ன பெயர், எந்தக் காற்றுக்கு எத்தனை முழம் இறக்குவார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.