குற்றத்தை ஒப்புக்கொண்டபின் தண்டனை மேல்முறையீடு (இந்தியா)

குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்கு இந்தியச் சட்டம் விட்டுவைத்திருக்கும் குறுகிய மேல்முறையீட்டு உரிமை இது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 375ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416ஆம் பிரிவு.

குற்றவியல் நடுவரோ அமர்வு நீதிமன்றமோ தண்டித்திருந்தால், தண்டனை மிகை என்றோ சட்டத்துக்குப் புறம்பானது என்றோ மட்டும் முறையிடலாம். முதல் வகுப்பு நடுவர் ஒரு குற்றத்துக்குத் தம் அதிகார வரம்பான 3 ஆண்டைத் தாண்டிச் சிறை விதித்தால் அது இரண்டாவது வகை. 'நான் குற்றம் செய்யவில்லை' என்ற வாதம் எடுபடாது. உயர் நீதிமன்றமே தண்டித்திருந்தால் இந்த வாய்ப்பும் இல்லை.

குற்றமில்லை என்று முறையிடுவதற்கான இந்தத் தடை, ஒப்புதல் உண்மையானதாக இருந்தால்தான் பொருந்தும். பல வழக்குகளின் முடிவைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் சொற்களிலேயே இயன்றவரை பதிவுசெய்ய வேண்டும் என்பது வெறும் சடங்கல்ல, கட்டாயம் என்று மகந்த் கௌசல்யா தாஸ் எதிர் சென்னை மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 'அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம்' என்று யாரோ சொன்னதை நம்பித் தலையாட்டுபவர்கள் நிறைந்த நீதிமன்றங்களுக்கு இது மிகவும் தேவையான தீர்ப்பு.

திப்பசாமி எதிர் கர்நாடக மாநிலம் (1983) வழக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தில், அபராதத்தோடு முடியும் என்ற உறுதியை நம்பி அவர் ஒப்புக்கொண்டார். விசாரணை நீதிமன்றமும் அபராதமே விதித்தது. உயர் நீதிமன்றம் அதைச் சிறைத்தண்டனையாக உயர்த்தியது. ஆசைகாட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுப் பிறகு தண்டனையைக் கூட்டுவது அரசியலமைப்பின் 21ஆவது உறுப்புக்கு எதிரானது என்று கூறிய உச்ச நீதிமன்றம், தீர்ப்பையே ரத்துசெய்து வழக்கைப் புதிதாக விசாரிக்க அனுப்பியது. தண்டனை பெற்றவர் தாமே செய்யும் மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட முடியாது. அரசுத் தரப்பு தண்டனை போதாதென்று முறையிட்டால் கூட்டலாம்.

2006இல் நடைமுறைக்கு வந்த, பேரம் பேசி ஒப்புக்கொள்ளும் முறை வேறு. அதில் தண்டனை குறையும், ஆனால் மேல்முறையீடே கிடையாது. அரசியலமைப்பின் 136, 226, 227ஆம் உறுப்புகளின்கீழ் மட்டுமே நீதிமன்றத்தை அணுகலாம்.

காலக்கெடு, அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். சிறையில் இருப்பவர் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்புவது அந்த அதிகாரியின் கடமை.